கோழிக்கால் கட்டம்

ஒன்பது வயதில் எனக்குத் தெரியாதது என்று எதுவும் இருக்கவில்லை. யார் வீட்டு மாடு எப்போது கன்று போடும், எந்த வாத்தியார் எந்தக் கிழமையில் லீவு போடுவார், திண்டிவனம் டவுன் பஸ் எந்த ஸ்டாப்பில் நிற்காமல் போகும், எல்லாம் விரல் நுனியில் இருந்தன. தெரியாத விஷயத்தை யாராவது கேட்டுவிட்டால் அதற்கும் ஒரு பதில் கைவசம் இருக்கும். இவளை வக்கீலுக்குத்தான் படிக்கவைக்க வேண்டும் என்று அம்மா சலித்துக்கொள்வாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன்.

எங்கள் ஊர் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊரை ஒட்டி, உலகப்போர் நடந்த காலத்தில் வெள்ளைக்காரர்கள் போட்ட விமான ஓடுதளம் ஒன்று உண்டு. சண்டை முடிந்ததும் அவர்கள் விமானங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தரையை எடுத்துப் போக முடியவில்லை. ஊர்வாயில் அதற்குப் பெயர் ஏரோட்ராம். என் காலத்தில் அங்கே வந்து இறங்கியவை எல்லாம் காக்காயும் மைனாவும்தான். காய்கிற மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, கொத்துவதற்காக வரும்.

ஊர்ப்பக்கம் தெரியாதவர்களுக்கு மல்லாட்டையின் அவசரம் புரியாது. பிடுங்கி உதிர்த்த காயை நாலைந்து நாள் நல்ல வெயிலில் போடாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். மண்தரையில் காயவைத்தால் கல்லும் மண்ணும் கலந்து, மண்டியில் முகம் சுளிப்பார்கள். சிமெண்ட் தரையில் காய்ந்த காயை அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்தால் வியாபாரி வாயைத் திறக்க மாட்டான். அப்படிப்பட்ட தரை, கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு, எங்கள் ஊருக்குச் சும்மா கிடைத்திருந்தது.

ஓடுதளத்தைப் பெரிய பெரிய சதுரங்களாகப் போட்டு, நடுநடுவே தார் ஊற்றியிருந்தார்கள். ஒரு சதுரம் ஒரு கட்டம். வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ உண்டு. யார் பிரித்துக் கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது. பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது, நிலமே சர்க்காருடையது. ஆனாலும் வரப்புக்காக வெட்டிக்கொள்கிற எங்கள் ஊரில் கட்டத்துக்காக ஒரு சண்டை வந்ததில்லை. ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் உளியால் செதுக்கிய குறி இருக்கும். ஒரு வீட்டுக்கு வேல், ஒரு வீட்டுக்கு மீன், ஒரு வீட்டுக்கு ஏணி. எங்களுக்குக் கோழிக்கால். முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று, உள்ளங்கை அளவு. தாத்தா மயில் செதுக்கத்தான் உட்கார்ந்தாராம், கால் முடிந்ததுமே கை வலித்து எழுந்துவிட்டாராம். இது அம்மா சொன்னது. அவள் மாமனாரைப் பற்றிச் சொன்னதை முழுசாக நம்ப வேண்டியதில்லை.

பெண்ணுக்குக் கட்டத்தைக் கல்யாணச் சீராகக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். பெண் கேட்டு வருகிறவர்கள் நகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கட்டம் உண்டா என்று விசாரிப்பார்கள். எங்களுக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று விரிசல் விட்டுப் புல் முளைத்தது. அதை யாரும் ஒரு பொருட்டாக மதிக்க மாட்டார்கள். இன்னொன்று வெண்ணெய் மாதிரி வழவழப்பானது. அந்தக் கோழிக்கால் கட்டம் அத்தைக்கு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. முண்டியம்பாக்கத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சீருடையை இஸ்திரி போட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை எனக்கு நாடி பார்த்து, "இன்னும் உசுரோடதான் இருக்கிற" என்று சான்றிதழ் கொடுப்பாள். அந்த வருஷம் தாண்டினால் படிப்பு முடிந்துவிடும் என்ற நிலையில்தான் திண்டிவனத்திலிருந்து அந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு மல்லாட்டை மண்டி இருந்தது. எங்கள் பக்கத்து ஊர்களில் வாங்குகிற காயை இங்கேயே உலர்த்தி மூட்டை கட்டிவிட்டால் அவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

மாப்பிள்ளையின் அப்பா முதல்முறை வந்தபோதே விஷயத்தைப் பளிச்சென்று சொல்லிவிட்டார். "மருமக ஊசி போட்டுச் சம்பாரிச்சி எங்களுக்கு ஆவணும்னு இல்லீங்க தம்பி. படிப்ப இத்தோட நிறுத்திக்கலாம். கட்டத்த மட்டும் தெளிவா பேசிக்கலாம்." அப்பா சரியென்று தலையாட்டினார். தாத்தா போன பிறகு தங்கையைக் கரையேற்றும் பொறுப்பு அவர் தலையில் இருந்தது. நல்ல இடம், சொந்தத் தொழில், பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமில்லை. அப்பா வேலை பார்த்தது பஸ்ஸில், கண்டக்டராக. விழுப்புரம், திண்டிவனம், மறுபடி விழுப்புரம் என்று போய்க்கொண்டிருந்தவருக்கு அந்தக் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க வேண்டிய ஆட்கள் பஸ்ஸிலேயே கிடைத்தார்கள்.

அன்று அடுப்படியில் அத்தை, "என்கிட்ட ஒருத்தரும் கேக்கலியே அண்ணி" என்றாள். அம்மா வயிற்றில் தம்பியைச் சுமந்துகொண்டு காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். நான்தான், "நான் கேக்கறேன் அத்த, கல்யாணம் பண்ணிக்கிறியா?" என்றேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. இரண்டு நாள் கழித்து அத்தை அப்பாவிடமே போய், "பரீட்ச முடியட்டுமேண்ணா" என்று கேட்டாள். "நல்ல எடம்மா, கை நழுவிப் போச்சுன்னா அப்புறம் வருத்தப்படக் கூடாது. நான் வாக்கு குடுத்துட்டேன்" என்றார் அப்பா. எனக்கோ மாப்பிள்ளை வீட்டுக் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து போகிற நினைப்பு மட்டும்தான்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் ஏரோட்ராமில் விமான மியூசியம் வந்தது. ஓடுதளத்தின் ஒரு பகுதியைத் தகரத் தடுப்பு வைத்து அடைத்தார்கள். இறக்கை கழற்றின சண்டை விமானங்கள் லாரியில் படுத்துக்கொண்டு வந்தன. மாதக் கணக்கில் உள்ளே யாரையும் விடவில்லை. நல்ல கட்டங்கள் எல்லாம் தடுப்புக்குள் மாட்டிக்கொண்டன. ஊர் திரண்டு போய் நின்றது. மியூசியம் அதிகாரி பட்டாளத்தில் இருந்தவர், தயாள குணமுள்ளவர். விமானம் நிற்கிற கட்டத்தை விட்டுவிட வேண்டியது, மற்ற கட்டங்களில் அறுவடை சமயத்தில் வழக்கம்போல் காயவைத்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஆகக்கூடி, எந்த வீட்டுக் கட்டத்தின் மேல் விமானம் நிற்கிறது என்பதுதான் ஊரின் ஒரே பேச்சு. விமானம் நின்றால் கட்டம் போச்சு. நிற்காவிட்டால் தப்பித்தது. மாப்பிள்ளையின் அப்பா போன் போட்டு, மியூசியம் திறந்த முதல் ஞாயிறு எல்லோருமாகப் போய்க் கட்டத்தைப் பார்த்துவிடுவோம், அதற்குப் பிறகு தாம்பூலம் மாற்றிக்கொள்வோம் என்றார்.

கட்டத்தைக் காட்டுவது யார்? அம்மாவுக்குத் தம்பி பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தனக்கு வருகிற சீரைப் பெண்ணே கை நீட்டிக் காட்டுவது எங்கள் பக்கம் அழகில்லை. அப்பா காயவைக்கிற பக்கமே வந்தவரில்லை. அது பெண்பிள்ளைகள் வேலை. "உங்கப்பாவுக்கு எது நம்ம கட்டம்னே தெரியாதுடி. நீ போயி காட்டு" என்றாள் அம்மா. மூன்று பருவம் அந்தக் கட்டத்தில் குச்சியோடு உட்கார்ந்து காக்காய் ஓட்டியவள் நான். என்னைவிடப் பொருத்தமான ஆள் யார்?

பங்குனி மாத வெயில். மாப்பிள்ளையின் அப்பாவும் மாப்பிள்ளையும் காரில் வந்து இறங்கினார்கள். பெரியவரின் சட்டைப்பையில் அளக்கிற டேப் துருத்திக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை நல்ல சிவப்பு, மடிப்புக் கலையாத சட்டை. அத்தை ஊதா நிறச் சேலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்பா எல்லோருக்கும் டிக்கெட் வாங்கினார். வாழ்நாள் முழுக்க டிக்கெட் கிழித்தவர் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

எங்களைச் சுற்றிக் காட்ட ஒரு வழிகாட்டி வந்தார். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில், குரலும் விசில் மாதிரியேதான். முதலில் ஒரு பெரிய கூடத்துக்கு அழைத்துப்போனார். அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் எண்ணெய் டின் மேல் உட்கார்ந்து டீ குடிக்கிற போட்டோக்கள், கூரையிலிருந்து தொங்கிய பாராசூட், என் உயரத்துக்கு ஒரு விமான விசிறி, பால் சொசைட்டி கேன் மாதிரி ஒரு வெடிகுண்டுக் கூடு. இந்த ஓடுதளத்தைப் போட சுற்றுவட்டாரத்து ஜனங்கள்தான் ஜல்லி சுமந்தார்கள் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, நான் குறுக்கே புகுந்து, வடக்குக் கோடியில் மழைத்தண்ணீர் தேங்கும், அங்கே விமானம் நிறுத்தினால் சக்கரம் துருப்பிடித்துவிடும் என்று எச்சரித்தேன். "அப்படிங்களா மேடம்" என்று அவர் குறித்துக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பெரியவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "மிஷினெல்லாம் அப்பால பாத்துக்கலாம். ஜல்தியா கட்டத்தக் காட்டு பாப்பா" என்றார்.

வெளியே வெட்டவெளியில் ஐந்து விமானங்கள் தள்ளித்தள்ளி நின்றன. நான் ஓட்டமாக ஓடினேன். வேல் தாண்டி, மீன் தாண்டி, ஏணி தாண்டிப் போனால் சாம்பல் நிறத்தில், கூர்மூக்கோடு, உள்ளதிலேயே பெரிய சண்டை விமானம். அதன் இறக்கை நுனியைத் தாண்டி அடுத்த கட்டம், முழு வெயிலில், ஒரு தூசு தும்பு இல்லாமல் கிடந்தது. மூலையில் கோழிக்கால். எங்கள் கட்டம் தப்பித்துவிட்டது! கூவலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அத்தை வேகமாக வந்து என் முன்னால் குந்திக்கொண்டு, அவிழாத ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினாள். பெரியவரும் மாப்பிள்ளையும் இன்னும் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் அப்பா மட்டும் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

"எதுன்னு கேட்டா பிளேனுக்குக் கீழ இருக்குதே, அதக் காட்டு."

"நம்முது அது இல்லியே அத்த. இதோ, இது…"

"சொல்றதக் கேளு. பிளேனுக்குக் கீழ. சரியா?"

ரிப்பன் முடிச்சை இழுத்து இறுக்கினாள். எனக்குச் சட்டென்று விஷயம் விளங்கிவிட்டது. அத்தைக்குப் பெருமை வேண்டியிருக்கிறது! வெறும் கட்டத்தைக் காட்டுவதும் இவ்வளவு பெரிய விமானம் நிற்கிற கட்டத்தைக் காட்டுவதும் ஒன்றா? அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கட்டத்தில் விமானம் நின்றால் கட்டம் போச்சு என்பது ஊருக்கே தெரிந்த சேதி. விமானத்தைப் பார்த்த சந்தோஷத்தில் எனக்கு அது மறந்தே போயிற்று.

பெரியவர் வந்து சேர்ந்ததும், சுற்றிலும் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் புகுந்து விமானத்தின் வயிற்றுக்குக் கீழே நின்று, "இதுதாங்க எங்க கட்டம்!" என்று இரண்டு கையையும் விரித்தேன்.

"குறி எங்க?" என்றார் அவர்.

"சக்கரத்துக்கு அடியில மாட்டிக்கிச்சுங்க. அந்த மரக்கட்ட வெச்சிருக்காங்களே, அதுங்கீழ."

இது அத்தை சொல்லிக்கொடுத்தது இல்லை. என் சொந்தச் சரக்கு. பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. வழிகாட்டி விசில் ஊதி என்னை வெளியே இழுப்பதற்குள் பெரியவர் அவரை மடக்கிப் பிடித்தார்.

"இதக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்க முடியாதுங்களா?"

"சார், இது சண்டை விமானம்."

"இருக்கட்டுமே. மண்டியில நாலு ஆளு இருக்கறானுங்க. ஒரு கை குடுத்தா தள்ளிக்கினு போயிடுவானுங்க. பக்கத்துக் கட்டத்துல நின்னா இதுக்கு இன்னா?"

"காலுக்குக் கீழ கான்கிரீட் போட்டு இறுக்கியாச்சு சார். இது இனிமே எங்கயும் போவாது."

பெரியவர் நம்பவில்லை. இறக்கையில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார். எத்தனையோ வானத்தைப் பார்த்துவிட்டு வந்த விமானம் மண்டிக்காரருக்கு அசையவில்லை. அப்புறம் டேப்பை எடுத்து, எதற்கென்று தெரியாமல் அந்தக் கட்டத்தை அளந்தார். ஒரு முனையை மாப்பிள்ளை குந்தி உட்கார்ந்து பிடித்துக்கொண்டார்.

அத்தை அப்போதுதான் தலையை நிமிர்த்தி மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள். அவர் டேப் முனையைப் பிடித்தபடி, எழுந்திருக்கலாமா என்று கேட்கிற மாதிரி தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை வெகுநேரம் பார்த்தாள். அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரியவருக்கு நப்பாசை விடவில்லை. அக்கம்பக்கத்துக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லோரும் இறக்கை நிழலில் ஒண்டியிருக்க, அப்பா மட்டும் எங்கள் கட்டத்தின் மூலையில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பாக வந்தது. இத்தனை பெரிய கட்டத்தில் வேறு இடமே கிடைக்காத மாதிரி சரியாகக் கோழிக்கால் குறியின் மேல் செருப்பை வைத்துக்கொண்டு நிற்கிறார்! காலுக்கடியில் இருப்பது தன் அப்பா செதுக்கியது என்றுகூடத் தெரியவில்லை.

"இது யாருதுங்க தம்பி? நல்ல கட்டமா இருக்குதே" என்றார் பெரியவர்.

"யாருதோ தெரியலீங்க மாமா. குறி தேஞ்சி போச்சு போல" என்றார் அப்பா.

"நிழலுக்கு வாங்களேன், இன்னா வெயிலு."

"பரவால்லீங்க. எனக்குப் பழக்கம்தான்."

காலையிலிருந்து இரவுவரை பஸ் கூரைக்குக் கீழே இருக்கிறவருக்கு வெயில் என்ன பழக்கம் என்று நான் நினைத்தேன். அவர் சட்டை முதுகில் ஒட்டிப் போயிருந்தது. பெரியவரும் மாப்பிள்ளையும் பேசிவிட்டு, "ஊருக்குப் போயி தகவல் சொல்றோம்" என்று கைகூப்பி, காரை நோக்கி நடக்கிறவரைக்கும் அப்பா அந்த மூலையை விட்டு ஒரு அடி நகரவில்லை. கொடுத்த வாக்கைப் பற்றி அவரும் ஒன்றும் எடுத்துப் பேசவில்லை. "சரிங்க" என்று மட்டும் சொன்னார். தகவல் வரவேயில்லை. திங்கட்கிழமை அத்தை வழக்கம்போல் சீருடை போட்டுக்கொண்டு முண்டியம்பாக்கம் போனாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பா நேராகக் குளிக்கப் போய்விட்டார். நான் அம்மாவிடம் உட்கார்ந்து ஒன்று விடாமல் ஒப்பித்தேன். விமானத்துக்குக் கீழே இருந்த கட்டத்தைக் காட்டினேன் என்று சொன்னபோது கொஞ்சம் பயம்தான். பொய் சொன்னால் அம்மா விளக்குமாற்றைத் தேடுவாள். ஆனால் அவள் அத்தையைப் பார்த்தாள், அத்தை சுவரைப் பார்த்தாள், என்னை யாரும் அடிக்கவில்லை. அந்தத் தைரியத்தில் அப்பாவின் கதையையும் சொல்லிச் சிரித்தேன். "நீ சொன்னது கரெக்ட்தாம்மா. அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியல. நம்ம கோழிக்கால் மேலயே நின்னுக்கினு யாருதோ தெரியலீங்கன்னு சொல்லுது."

தம்பியைத் தட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "எவ்ளோ நேரம் நின்னாரு?"

"அவங்க போறவரைக்கும். வெயில்லயே. கூப்பிட்டாக்கூட வரல."

அத்தை முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அப்படி அவள் அழுது நான் பார்த்ததில்லை. அம்மா தம்பியைக் கீழே கிடத்திவிட்டு அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள், அம்மாவும் அழுதாள். வீட்டில் நல்ல புத்தியோடு இருப்பது நான் ஒருத்திதான் என்று எனக்குத் தோன்றியது. அத்தையின் தோளைத் தட்டி, "அழுவாத அத்த. அப்பாவக் கூட்டிக்கினு போயி நம்ம குறிய நானே காட்டித் தர்றேன்" என்றேன்.

சொன்னபடி அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துப்போனேன். மறுபடி டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். வேல் தாண்டி, மீன் தாண்டி, ஏணி தாண்டி, கோழிக்காலுக்கு முன்னால் நிறுத்தி, "இதான்பா நம்முது. நல்லா பாத்து வெச்சிக்க" என்றேன்.

அப்பா குந்தி உட்கார்ந்து அந்த நான்கு விரலையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "அட, இதுவா நம்முது?" என்றார்.

அப்பாவுக்கே ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்ட பெருமையில், திரும்பி வருகிற வழியெல்லாம் நான் அவருக்கு முன்னால் நடந்தேன்.